திமிங்கலத்துக்கு அவசரமில்லை

மார்ச் 22, சனி: கொழும்பு – மிரிஸ்ஸ

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் மாத்தறை ரயில் ஏறும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மார்ச் கடைசி வெயில், காற்று கொஞ்சமும் இல்லை. உட்கார இடமும் கிடைக்கவில்லை. ஆனால் இந்த ரயிலில் நின்றுகொண்டு போவதில்தான் லாபம். கதவோரம் நின்றால் கடல் தண்டவாளத்தை ஒட்டியே கூட வரும். "வடே, வடே" என்று கூவிக்கொண்டு வந்தவரிடம் இறால் பதித்த பருப்பு வடை வாங்கினோம். நான்கு வடை 400 ரூபாய், நம் காசுக்கு நூற்றிருபதுக்குள். பழைய கணக்குத்தாளில் சுற்றிக் கொடுத்தார். உறைப்பு காதுவரை ஏறியது.

கூட வந்தது என் மனைவியின் தம்பி. அவனுக்குக் கடலும் வேண்டாம், திமிங்கலமும் வேண்டாம். டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றதால் வந்தவன்.

பாணந்துறை ஸ்டேஷன் வந்ததும் கரையை எட்டிப் பார்த்தேன். 2020 நவம்பரில் இங்கேதான் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கின. கொரோனா காலம். கடற்படை ஆட்களும் ஊர்க்காரர்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று விடிய விடியத் தள்ளி, பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஊர் உடன்குடி. 2016 ஜனவரியில் பக்கத்து மணப்பாட்டுக் கரையில் இதே இனம் எண்பதுக்கு மேல் ஒதுங்கியது. எங்கள் ஆட்களும் தள்ளினார்கள். தள்ளிவிட்டவற்றில் பல கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பவும் கரைக்கே வந்தன. நாற்பதுக்கு மேல் செத்து, கரையிலேயே குழி வெட்டிப் புதைத்தார்கள். 1973 ஜனவரியிலும் தூத்துக்குடிக் கரையில் 147 ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது.

பெயர்தான் திமிங்கலம், வகைப்படி அவை டால்பின் குடும்பம். தாய்வழிக் கூட்டமாகவே வாழ்நாள் முழுவதும் சேர்ந்து திரிபவை. கூட்டத்தில் ஒன்று சிக்கிக்கொண்டால் மற்றவை விட்டுப் போகாது. ஒவ்வொன்றாகத் தள்ளினால் திரும்பி வருவதற்குக் காரணம் அதுதான். அன்றைக்கு மணப்பாட்டில் யாருக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியாது. அங்கே பிடித்த பைத்தியம்தான் என்னை இங்கே வரை இழுத்து வந்திருக்கிறது.

மிரிஸ்ஸவில் தங்கிய வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் இரவு சோற்றோடு ஆறு கறி வைத்து, தட்டு காலியாகும் முன்பே வந்து வந்து போட்டார். போதும் என்பதற்கு இரண்டு கையையும் தட்டுக்கு மேல் விரித்து மறைக்க வேண்டியிருந்தது.

மார்ச் 23, ஞாயிறு: மிரிஸ்ஸ கடல்

ஆறரைக்குத் துறைமுகத்தில் இருக்கச் சொன்னார்கள். இருந்தோம். படகு கிளம்பியபோது ஏழேகால். ஆளுக்கு 50 டாலர். காலைச் சாப்பாடு அதில் அடக்கம் என்றார்கள்: இரண்டு துண்டு பாண் (நம் ஊர் பிரெட்), ஒரு வாழைப்பழம், ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட். வாந்தி வராமலிருக்க ஆளுக்கொரு மாத்திரையும் நீட்டினார்கள். "நான் கடற்கரைக்காரன் அத்தான்" என்று மாப்பிள்ளை வாங்க மறுத்தான். துறைமுகச் சுவர் தாண்டி அரை மணி நேரத்தில் கடற்கரைக்காரன் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சிங்களப் பாட்டி, ஒன்றும் பேசாமல், பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நகத்தால் கீறி அவன் மூக்கருகில் பிடித்தார். திரும்பி வரும்வரை அந்தப் பழம் அவன் கையில்தான் இருந்தது.

போகப் போக அடிவானத்தில் கப்பல்கள் வரிசையாகத் தெரிந்தன. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே போகும் இந்தப் பாதை, உலகிலேயே நெரிசலான கப்பல் வழிகளில் ஒன்று. ஐரோப்பாவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் சரக்கெல்லாம் இந்த வழியாகத்தான் போகிறது. இலங்கையின் தென்கரையில் ஆழம் கிட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. தீனியும் அங்கேதான் என்பதால் நீலத் திமிங்கலங்களும் அதே வழியில்தான் திரிகின்றன. கப்பலில் அடிபட்டுச் சாவது இங்கே பெரிய பிரச்சினை. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி 2022இல் தன் கப்பல்களைப் பதினைந்து கடல் மைல் தெற்கே தள்ளிப் போகச் செய்தது. மற்றவர்களுக்கு இது கட்டாயமில்லை.

ஒன்பது மணி இருக்கும். மேல்தட்டில் நின்ற பையன் கையை நீட்டினான். தூரத்தில் வெள்ளையாக ஒரு தூண், நேராக, ஒரு மூன்று மாடி உயரத்துக்கு எழும்பிக் காற்றில் கரைந்தது. அது தண்ணீர்ப் பீச்சல் இல்லை, மூச்சு. நுரையீரலில் அடைத்து வைத்திருந்த காற்றை ஒரே வீச்சில் வெளியே தள்ளும்போது அதிலுள்ள ஈரமும், மூக்குத் துளை மேல் நின்ற தண்ணீரும் சேர்ந்து அப்படித் தெரிகிறது. கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வந்தது, "ப்ஹூ" என்று.

படகு கிட்டே போனது. முதலில் தண்ணீருக்கடியில் வெளிர்ப் பச்சை நீலமாக ஒரு நிழல். அப்புறம் முதுகு. சாம்பல் நீலத்தில் தேமல் தேமலாக. முதுகு வந்தது, வந்துகொண்டே இருந்தது, முடியவில்லை. இனி வால்தான் என்று நினைத்த பிறகு, கடைசியில், இவ்வளவு பெரிய உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு துக்கடா துடுப்பு எட்டிப் பார்த்தது. நாக்கு யானை எடை, இதயம் கார் அளவு என்று சின்ன வயதிலிருந்து படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. கார் கணக்கு தப்பும்கூட. கனடாவில் கரை ஒதுங்கிய ஒரு நீலத் திமிங்கலத்தின் இதயத்தை எடுத்து நிறுத்துப் பார்த்தபோது 180 கிலோ சொச்சம்தான் இருந்தது. ஒரு நல்ல பைக்கின் எடை.

ஏழு மூச்சு விட்டது. மூச்சுக்கு மூச்சு பதினைந்து, இருபது விநாடி. அப்புறம் முதுகை வளைத்து வாலைத் தூக்கி நேராக உள்ளே போய்விட்டது. மற்ற கடல்களில் நீலத் திமிங்கலம் வாலைத் தூக்குவது அபூர்வம் என்பார்கள். இங்கே அடிக்கடி தூக்குகின்றன. இங்கே அவற்றின் முக்கியத் தீனி ஒரு வகைச் சின்ன இறால். அது ஆழத்தில் கிடப்பதால் செங்குத்தாக இறங்க வேண்டியிருக்கிறது.

அது முங்கிய இடத்தில் தண்ணீர் மேல் செங்காவி நிறத்தில் ஒரு திட்டு மிதந்தது. ஒரு ஜெர்மன்காரி ரத்தமா என்று பதறினார். ரத்தமில்லை, சாணம். தின்ற இறாலின் நிறம் அப்படியே வெளியே வருகிறது. 2003இல் இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ், ஒரே இடத்தில் ஆறு நீலத் திமிங்கலங்களையும் இந்தச் சிவப்புத் திட்டையும் பார்த்தார். பெரிய திமிங்கலங்கள் குளிர்ந்த துருவக் கடலில் தின்றுவிட்டு வெப்பக் கடலுக்குக் குட்டி போட மட்டும் வரும் என்பதுதான் அதுவரை பாடம். வெறும் வயிற்றோடு வந்தவை என்றால் சாணம் எப்படி வரும்? இவை இங்கேயே தின்று, வருடம் முழுக்க இந்த வட இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றுபவை. அண்டார்க்டிக் உறவுக்காரர்களைவிட உருவத்தில் சிறியவை. பாட்டும் தனி.

இவ்வளவு வரைக்கும் சந்தோஷம். இனிமேல் நடந்ததுதான் பிடிக்கவில்லை. நாங்கள் நின்ற இடத்தைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு படகுகள் வந்து சேர்ந்தன. பத்து நிமிடத்துக்கு மேல் கழித்துத் திமிங்கலம் வேறு பக்கம் எழும்ப, அத்தனை படகும் எஞ்சினை முறுக்கிக்கொண்டு ஓடின. நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று இங்கே விதி உண்டு. விதியை யாராவது நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்தத் தடவை மூன்றே மூச்சு. முங்கிவிட்டது. மூன்றாம் தடவையும் இதே கதை.

2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நீலத் திமிங்கலத்தின் மேல் கருவி ஒட்டி இதயத் துடிப்பை அளந்தார்கள். ஆழத்தில் இருக்கும்போது நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரை குறைகிறது. மேலே வந்து மூச்சு வாங்கும்போது முப்பதைத் தாண்டி முப்பத்தேழு வரை போகிறது. அதாவது நாம் போட்டோ எடுக்கும் அந்த இரண்டு நிமிடம் அது காட்சி கொடுக்கவுமில்லை, ஓய்வெடுக்கவுமில்லை. இரைக்க இரைக்க மூச்சு வாங்குகிறது, அடுத்த முங்கலுக்கு. சரியாக அந்த நேரத்தில் பன்னிரண்டு படகு சுற்றி நின்றால் அது என்ன செய்யும்?

மைக்கில் பேசியவர், "எல்லோரும் சந்தோஷமா?" என்று கேட்டார். கை தட்டினார்கள். பாட்டி மட்டும் தட்டவில்லை, மாப்பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

மார்ச் 24, திங்கள்: பஸ்ஸில் ஒரு நாள், ஒரு ராத்திரி

வெலிகமவில் சாலையோரக் கடையில் களுதொதல் வாங்கினேன். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் போட்டு மணிக்கணக்கில் கிண்டிய கறுத்த பலகாரம், எண்ணெய் மினுமினுப்போடு ஒரு கிலோப் பாளம். உடன்குடிக்காரனைக் கருப்பட்டி வாசனையில் ஏமாற்ற முடியாது. நல்ல சரக்கு.

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ராத்திரி பஸ். நாங்கள் பதிவு செய்த சீட்டில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது, அவர்களிடமும் அதே எண் போட்ட துண்டு. கண்டக்டர் இரண்டு துண்டையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் சரி" என்றார். குழந்தையோடு இருந்தவர்களை எழுப்ப மனசு வரவில்லை. தம்புள்ளை வரை நின்றோம். அதற்கப்புறம் ஹபரணைக் காட்டில் டயர் போயிற்று. டிரைவர் இறங்கி, யாரும் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டாம், யானை நிற்கும் என்றார். டயர் மாற்றி முடிக்கும் வரை எல்லோரும் பஸ்ஸை ஒட்டியே நின்றோம். யானை வரவில்லை. கொசு வந்தது.

மார்ச் 25, செவ்வாய்: திருகோணமலை

தமிழ் காதில் விழுந்ததும் உடம்பு தளர்ந்தது. ஓட்டோக்காரரிடம் வாடகை பேச விரலை மடக்க வேண்டாம். "எங்க போகணும் ஐயா, கோயிலுக்கோ?" என்றார். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடு மாதிரி ரோட்டில் திரிகின்றன. ஒன்று மாப்பிள்ளையின் கையிலிருந்த வாழைப்பழத்தைத் தோலோடு பிடுங்கிக்கொண்டது.

திருக்கோணேஸ்வரம் சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்து, கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். இப்போதிருப்பது பின்னால் எழுப்பியது. கோயில் நிற்கும் பாறை நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. இராவணன் வெட்டு என்று காட்டும் பிளவின் பக்கத்தில் நின்று பார்த்தால் கடலின் நிறம் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கறுநீலமாக மாறிவிடுவது தெரியும். அதுதான் இந்த ஊரின் விசேஷம். திருகோணமலைக் குடாவிலிருந்தே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஆரம்பித்து வெளியே ஓடுகிறது. மற்ற ஊர்களில் நாள் முழுக்கப் படகோட்டினால்தான் கிடைக்கும் ஆழம் இங்கே கோயில் வாசலிலேயே கிடக்கிறது. திமிங்கலத்தைக் கோயில் பாறையிலிருந்தே பார்த்தவர்கள் உண்டு. நான் ஒரு மணி நேரம் நின்றேன், கிடைத்தது தலைவலி. வெயில் அப்படி.

1979இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்தது. அதன் பிறகு 1982இல் ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளர் தலைமையில் 'டுலிப்' என்ற பாய்மரப் படகு இந்தப் பக்கம் வந்தது. திமிங்கலத்தைக் கொன்று அறுத்துப் படிப்பதே வழக்கமாக இருந்த காலம். இவர்கள் தண்ணீருக்குள் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டு, ஸ்பெர்ம் திமிங்கலங்களின் பின்னாலேயே மெதுவாகப் போய், உயிரோடு படித்தார்கள். 1984 வரை நடந்தது. அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. அப்புறம் கால் நூற்றாண்டு இந்தக் கடல் கடற்படைக்குச் சொந்தம்.

ரம்ஜான் மாதம் என்பதால் பகலில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. ஒரு சைவக் கடையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், சொதி. 450 ரூபாய், கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். சாயங்காலம் உப்புவெளிக் கரையில் படகு விசாரித்துக்கொண்டிருந்தபோது பாங்கு சொன்னார்கள். பேசிக்கொண்டிருந்த கிண்ணியாப் படகுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு பேரீச்சம்பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும் திணித்தார். நாங்கள் நோன்பு இல்லையே என்றேன். "பசி எல்லாருக்கும் ஒண்டுதானே அண்ணன், குடிங்க" என்றார். கஞ்சி குடித்து முடித்த பிறகுதான் விலை பேசினோம். இரண்டு பேருக்குப் படகு 36,000 ரூபாய். கஞ்சி குடித்தவனால் பேரம் பேச முடியவில்லை.

"திமிங்கலம் கட்டாயம் பார்க்கலாமா?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"மீன் எண்டாப் பிடிச்சித் தரலாம் தம்பி. இது அது வந்தாத்தான்."

மார்ச் 26, புதன்: உப்புவெளி

விடிய ஐந்தரைக்குப் படகைத் தள்ளினோம். ஃபைபர் படகு, ஒரே எஞ்சின், கூரை கிடையாது. மாப்பிள்ளை இந்தத் தடவை மாத்திரையைக் கேட்டு வாங்கி இரண்டாகப் போட்டுக்கொண்டான்.

திமிங்கலம் வரவில்லை. முழுதாக நான்கு மணி நேரம், ஒன்றும் இல்லை. ஆனால் நான் எதிர்பார்க்காத விதத்தில் இருந்தது அந்த வேலை. படகுக்காரர் பள்ளத்தாக்கின் விளிம்பு வரை போய் எஞ்சினை அணைத்துவிட்டார். "சத்தம் இருந்தா மூச்சு கேக்காது" என்றார். அப்புறம் எழுந்து நின்று நாலு பக்கமும் பார்ப்பது, கொஞ்ச தூரம் ஓட்டுவது, மறுபடி அணைப்பது. பறக்கும் மீன்கள் விர்ரென்று எழும்பிப் போயின. நடுவில் ஸ்பின்னர் டால்பின் கூட்டம் ஒன்று, இருநூறாவது இருக்கும், படகைக் கடந்து போனது. தண்ணீரை விட்டு எழும்பி அச்சில் சுற்றும், ஒரு குதியில் ஏழு சுற்றுக்கூடச் சுற்றும். உடம்பில் ஒட்டிய மீனை உதற என்பார்கள், கூட்டாளிக்குச் சேதி சொல்ல என்பார்கள். விழும்போது எழும் சத்தத்தைக் கேட்டவனுக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படும். இவை ராத்திரியில் ஆழக்கடலில் வேட்டையாடிவிட்டுப் பகலில் கரைப்பக்கம் வந்து தூங்குபவை. தூங்கும்போதும் கூட்டமாக நீந்திக்கொண்டே இருக்கும்.

வெயில் ஏறியது. நாங்கள் இரண்டு லிட்டர் தண்ணீரைக் காலி செய்துவிட்டோம். படகுக்காரர் வாயில் ஒரு சொட்டு இல்லை. அவர் முன்னால் பாட்டிலைத் திறக்கக் கூச்சமாக இருந்தது, திரும்பி உட்கார்ந்து குடித்தேன். அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் வாங்க வேண்டும், ராத்திரி போகக் கூடாது, எஞ்சின் பெரிதாக இருக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னார். "அப்ப திமிங்கலத்துக்கு நல்ல காலம். ஒருத்தரும் வர மாட்டோம்."

கரைக்கு வந்ததும் பணத்தை எடுத்தேன். பெற்றோல் காசு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். நாளைக்கும் வந்து ஒன்றும் இல்லாவிட்டால் அதையும் வாங்கமாட்டேன் என்றார். மிரிஸ்ஸவின் 50 டாலர் அப்போது இன்னும் கொஞ்சம் கசந்தது.

மார்ச் 27, வியாழன்: அதே கடல்

ஏழரை மணி. அணைத்த எஞ்சினில், பேச்சில்லாத நேரத்தில், மூச்சுதான் முதலில் கேட்டது. நீலத் திமிங்கலத்தின் மூச்சு மாதிரி நேராக இல்லை. குட்டையாக, புதராக, இடப்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்து வந்தது. "பெரிய தலைக்காரன்" என்றார் படகுக்காரர். ஸ்பெர்ம் திமிங்கலம். பல்லுள்ள திமிங்கலங்களில் இதுதான் பெரியது. இதன் மூக்குத் துளை தலையின் நுனியில், இடது ஓரத்தில் இருக்கிறது, அதனால்தான் அந்தச் சாய்வு. பழகினவர்கள் இரண்டு மைலுக்கு அப்பாலேயே மூச்சை வைத்து இனம் சொல்லிவிடுவார்கள்.

ஒன்றில்லை, எட்டோ ஒன்பதோ இருந்தன. அத்தனையும் பெட்டைகளும் குட்டிகளும். வெப்பக் கடலில் குடும்பம் நடத்துவது பெட்டைகள்தான். ஆண்கள் வளர்ந்ததும் கூட்டத்தை விட்டுத் துருவப் பக்கம் போய்விடும், இணை தேடும் காலத்தில் எட்டிப் பார்ப்பதோடு சரி. நாங்கள் நூறு மீட்டருக்கும் தள்ளித்தான் இருந்தோம். அவையாகவே மெல்ல மிதந்து கிட்டே வந்தன. தலை உடம்பில் மூன்றில் ஒரு பங்கு. தலைக்குப் பின்னால் தோல் முழுக்கச் சுருக்கம், செவ்வாய்க்கிழமை என் கையில் திணித்த பேரீச்சம்பழத்தின் தோலேதான்.

பத்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுப் பெரியவை ஒன்றன்பின் ஒன்றாக வாலைத் தூக்கிக்கொண்டு இறங்கின. இரண்டு மட்டும் மேலேயே தங்கின. ஒரு பெட்டை, அதன் விலாவை ஒட்டி ஒரு குட்டி. குட்டிக்கு அந்த ஆழம் ஆகாது. ஆயிரம் மீட்டர் இறங்கிக் கணவாய் வேட்டையாடும் தாய்மார்கள் முறை வைத்துக்கொண்டு, ஒருத்தி மேலே நின்று குட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். நிற்பவள் பெற்ற தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. சித்தியோ பாட்டியோ யாராவது.

"காத வையுங்க" என்றார் படகுக்காரர். படகின் தரையைக் காட்டினார். பெற்றோலும் மீன் நாற்றமும் கலந்த அந்த ஈரத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். முதலில் அலை தளும்பும் சத்தம்தான். அப்புறம் அதற்கடியில், டக், டக், டக் என்று. நிதானமாக, விநாடிக்கு ஒன்றோ இரண்டோ. அந்தக் காலத்து மாலுமிகள் கப்பல் பலகை வழியாக இதைக் கேட்டுவிட்டு, அடியில் யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள் என்று தச்சர் மீன் எனப் பெயர் வைத்தார்களாம். இருட்டில் கணவாய் எங்கே இருக்கிறது என்று ஒலி அனுப்பி எதிரொலியில் கண்டுபிடிக்கும் வித்தை. உயிரினங்கள் எழுப்பும் ஒலிகளிலேயே பலமானது இதுதான். இரை கிட்டே வரும்போது டக் டக் வேகம் பிடித்து ஒரு கிறீச்சாக மாறும் என்பார்கள். எனக்கு ஒரு தடவை அப்படிக் கேட்டது. மாப்பிள்ளை என்னைத் தள்ளிவிட்டுத் தானும் படுத்தான். வாந்தி மறந்துபோயிற்று.

மேலே வந்து ஒன்றுகூடும்போது பேசிக்கொள்வது வேறு தினுசு. இத்தனை டக், ஒரு இடைவெளி, அப்புறம் இத்தனை என்று தாளக்கட்டு உண்டு. குலத்துக்குக் குலம் அந்தக் கட்டு மாறும். கேட்டே இது எந்தக் கூட்டம் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். நீலத் திமிங்கலமும் பாடும், ஆனால் அதன் பாட்டில் பெரும்பகுதி மனிதக் காது பிடிக்காத அளவுக்குத் தாழ்ந்த சுரம்.

காத்திருந்தோம். முங்கியவை எழும்ப நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் எஞ்சின் போடவில்லை. எங்களைத் தவிர ஒரு மீன்பிடிப் படகு மட்டும் தூரத்தில் நின்றது. எழும்பியவை படகைப் பொருட்படுத்தாமல் மூச்சு வாங்கின. எண்ணிப் பார்த்தேன், ஒன்று ஐம்பது மூச்சுக்கு மேல் விட்டது. யாரும் விரட்டாவிட்டால் அதற்கு வேண்டியது அவ்வளவு. இதற்குப் பிறகு மிரிஸ்ஸவில் பார்த்த மூன்று மூச்சைப் பற்றி நான் சமாதானம் எதுவும் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

பத்து மணிக்குக் காற்று மாறியது. திரும்பும் வழி முழுக்க அலை மேலே விழுந்து குளித்துவிட்டோம். என் கேமரா செத்தது. போட்டோ எல்லாம் கார்டில் பிழைத்திருக்கிறது, ஆனால் பெரும்பாலானவற்றில் வெறும் தண்ணீர்தான். முழங்கைக்குக் கீழே தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார், எண்ணிப் பார்க்காமல்.

மார்ச் 28, வெள்ளி: கரையில்

ஜும்ஆ நாள், படகு இல்லை. பெருநாள் வர இரண்டு மூன்று நாள்தான், துணிக்கடைகளில் கால் வைக்க இடமில்லை. மத்தியானம் தொழுகை முடிந்து படகுக்காரர் ஓட்டோவில் வந்து எங்களைத் தேடிப் பிடித்தார். பேச்சு அம்பருக்குப் போயிற்று. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றித் திரண்டு, எப்போதாவது வெளியேறி மிதந்து வரும் மெழுகுக் கட்டி. வாசனைத் திரவியத்துக்குக் கோடிக்கணக்கில் விலை. தூத்துக்குடிப் பக்கம் பேப்பரைத் திறந்தால் அம்பர் கடத்தல், இத்தனை கிலோ, இத்தனை பேர் கைது என்ற செய்தி இல்லாத மாதம் குறைவு. இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். அவருக்கு எப்போதாவது கிடைத்ததுண்டா என்று கேட்டேன். கறுப்பாக, பிசுபிசுவென்று, ஒரு மாதிரி மணத்தோடு ஒரு கட்டி ஒரு தடவை வலையில் வந்ததாம். வீடு கட்டிவிடலாம் என்று ஊர் முழுக்கக் கொண்டாடிவிட்டுக் காட்டப் போனால் கப்பலிலிருந்து விழுந்த தார்.

1960களில் சோவியத் கப்பல்கள் அண்டார்க்டிக் போகும் வழியில் அரபிக் கடலில் ஆயிரத்துக்கும் மேல் நீலத் திமிங்கலங்களைக் கணக்கில் காட்டாமல் கொன்றதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இஞ்ச இருந்து எங்கயும் போகாத சாமான அவன் வந்து கொண்டு போயிட்டானா?" என்றார். ஓட்டோவில் ஏறும்போது நாங்கள் மறுத்தும் கேட்காமல் ஒரு பொதி கருவாட்டைப் பையில் வைத்துவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு: கொழும்பு – மதுரை

கருவாட்டைக் கொழும்பிலேயே தெரிந்தவர் வீட்டில் கொடுத்துவிட்டோம், விமானத்தில் அந்த மணத்தோடு ஏற மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை. தொதலை மட்டும் கொண்டு வந்தேன்.

மதுரையில் இறங்கியதும் பையை ஸ்கேனில் பார்த்த சுங்க அதிகாரி ஓரமாக வரச் சொன்னார். திறக்கச் சொன்னார். பாலித்தீனில் சுற்றிய கறுத்த பாளம், வெயிலில் இளகி மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"திருகோணமலை."

"அங்க என்ன வேலை?"

"திமிங்கலம் பார்க்கப் போனோம் சார்" என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டு சொன்னான். எனக்கு அவனை அங்கேயே மிதிக்க வேண்டும் போல இருந்தது. அதிகாரி கையுறை போட்டுக்கொண்டார். இன்னொருவரைக் கூப்பிட்டார். வந்தவர் குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார், ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி விரலில் உருட்டிப் பார்த்தார். அப்புறம் சாவகாசமாக வாயில் போட்டுக்கொண்டார்.

"தொதல் சார்" என்றார் மற்றவரிடம். எங்கள் பக்கம் திரும்பி, "எனக்குக் கீழக்கரை. எங்க ஊர்த் தொதல் இதைவிட நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கிள்ளிக்கொண்டார்.